ஆரணிப் பட்டும் கிட்ஹப் பேஜஸும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியின் பெயரை நெல்லும் பட்டும் ஒருங்கே பரப்பியிருக்கின்றன என்பது தமிழ்நாடு அறிந்த விஷயம். ஆனால் அவ்வூர்த் தறிகளில் தலைமுறை தலைமுறையாக விழுந்துவந்த புட்டாக்களும் கரைகளும் முந்திகளும், டிசைன் போடுகிறவர்களின் கட்டத்தாள்களிலும், முதிய நெசவாளிகளின் ஞாபகத்திலும், பரண்மேல் ஏற்றிவைத்த ஜக்கார்டு அட்டைக் கட்டுகளிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன என்பதும், அவற்றைத் தொகுத்து யாவரும் காணும்படி வைப்பதற்குச் செலவில்லாத சாதனம் ஒன்று பல ஆண்டுகளாகவே இருந்துவருகிறது என்பதும் அவ்வளவாக உணரப்படவில்லை. அவ்வூரில் எனக்குப் பழக்கமான ஒரு நெசவுக் குடும்பத்தாரின் கட்டத்தாள்களையும் சேலைப் படங்களையும் கொண்டே அந்தச் சாதனத்தைப் பரீட்சித்துப் பார்த்தேன். அதன் பெயர் கிட்ஹப் பேஜஸ்.

நிரல் எழுதுவோர் தம் கோப்புகளில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும், அதை யார் எப்போது செய்தார் என்ற குறிப்போடு காத்துவைப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கியளித்த கிட் என்னும் கருவியை ஆதாரமாகக் கொண்டு 2008-இல் எழுந்த ஸ்தாபனம் கிட்ஹப்; 2018-இல் அது மைக்ரோசாஃப்டின் வசமாயிற்று. அங்கே ஒருவர் திறந்துவைக்கும் ரெப்பாசிட்டரியை, அதாவது கோப்புக் களஞ்சியத்தை, அப்படியே இணையதளமாக உலகுக்குக் காட்டும் வசதியே பேஜஸ். அதுவும் 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது. காட்டப்படுபவை நிலையான பக்கங்களாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே இதன் மூல நிபந்தனை: எழுதிவைத்த எழுத்தும், எடுத்துவைத்த படமும், பார்ப்பவரின் உலாவியிலேயே ஓடும் சிறு நிரல்களும் இங்கே செல்லும், சேவையகத்தில் ஓடும் பி.எச்.பி. போன்றவையும் தரவுத்தளமும் செல்லா. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைச் சாதாரணப் பக்கங்களாகவே வைத்து இத்தனை ஆண்டுகளாக வாசகருக்குப் பயன்பட்டு வருகிறதென்றால், பழுதாவதற்கு உள்ளே இயந்திரம் ஏதுமில்லாத எளிமையே அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

வேலை இவ்வளவுதான். பொதுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்து, இண்டெக்ஸ் என்று பெயரிட்ட எச்.டி.எம்.எல். கோப்பையும் படங்களையும் உலாவியில் இழுத்துப் போட்டு, செட்டிங்ஸில் பேஜஸ் என்ற பகுதிக்குப் போய், மெயின் என்ற கிளையைத் தேர்ந்து சேவ் பொத்தானை அழுத்தினால், நம் கணக்கின் பெயரோடு கிட்ஹப்.ஐஓ என்பது சேர்ந்த முகவரியில் தளம் எழுந்துவிடுகிறது. செய்த திருத்தம் தளத்தில் தெரிவதற்குப் பத்து நிமிஷம் வரை ஆகலாம் என்பதால், உடனே தெரியவில்லையே என்று மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. உலாவி வழியாக ஒரே தடவையில் 100 கோப்புகள் வரை, ஒவ்வொன்றும் 25 எம்.பி.க்கு மிகாமல் ஏற்றலாம். சொந்த முகவரி வாங்கி இணைத்தாலும், அந்த முகவரிக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையைத் தவிர வேறு செலவில்லை. பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. திரையில் உள்ள சொற்கள் யாவும் ஆங்கிலத்தில் இருப்பதனால், தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தாமாக இதை நடத்துவது கஷ்டம். கல்லூரியில் படிக்கும் பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படிப் பக்கத்தில் இருந்து செய்தபோது நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். ஒரு சிறு புட்டாவின் கீழே மயில்கண் என்று இளையவர் எழுதியிருந்ததைப் பெரியவர் பார்த்து, அது ருத்திராட்சம் என்று திருத்தச் சொன்னார். திருத்தியதும், களஞ்சியத்தின் வரலாற்றுப் பக்கத்தில் பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன; பக்கத்திலேயே தேதியும், திருத்தியவர் கணக்கின் பெயரும், பெரியவர் சொன்ன காரணமும் இருந்தன. நாளைக்கு வேறொரு தெருவைச் சேர்ந்த நெசவாளி வந்து, எங்கள் வீட்டில் அதை மயில்கண் என்றுதான் சொல்வோம் என்றாலும், இரண்டு வழக்குகளும் அழியாமல் இருக்கும். சாதாரண வலைத்தளத்தில் புதியது பழையதை விழுங்கிவிடுகிறது. ஒரு ஊரின் கைத்தொழில் ஞானத்தைத் தொகுக்கப் புகுவோருக்கு, இலவசம் என்பதைக் காட்டிலும் இந்த ஒரு குணமே பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் செய்வோர் கவனிக்க வேண்டியவை சில. கோப்புக்குத் தமிழில் பெயரிடத் தடையில்லை. ஆனால் ஆரணி என்னும் மூன்றெழுத்துப் பெயர் யூனிகோடில் நான்கு குறிகளாகி, அம்முகவரியை வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டும்போது சதவீதக் குறிகள் நிறைந்த 36 எழுத்துகளாக நீண்டுவிடக் கூடும். பார்ப்பவர் அதை ஏதோ மோசடி இணைப்பென்று சந்தேகித்து விலகினாலும் ஆச்சரியமில்லை. ஆதலால் கோப்பின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைத்து, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் எழுதுவதே உசிதம். சிறிய எழுத்து என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். காமிராக்கள் சில, படத்தின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. பக்கத்தில் சிறிய எழுத்தில் குறித்திருந்தால், வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் சரியாகத் தெரியும் படம் தளத்தில் தெரியாது, ஏனெனில் அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு.

அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. தளம் ஒரு ஜி.பி.க்கு மிகலாகாது, மாதத்துக்கு 100 ஜி.பி. போக்குவரத்து என்பது ஓர் உத்தேச வரம்பு. கைபேசியில் எடுத்த படம் நாலு எம்.பி. இருந்தால் ஏறக்குறைய 250 படங்களிலேயே இடம் நிரம்பிவிடும், 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினால் 5,000 படங்கள் வரை கொள்ளும். ஜரிகையின் மினுக்கம் சுருக்கத்தில் சற்று மங்குகிறதென்பது மெய்யே. ஆயினும் கரையின் அமைப்பும் புட்டாவின் கோடுகளும் தெளிவாகவே நிற்கின்றன.

இனி, ஆரணியின் ஜவுளிக் கடைக்காரர்கள் நிச்சயம் கேட்கும் கேள்வி: இதிலேயே சேலை விற்கலாமா? கூடாது. இணைய வியாபாரத்தை நடத்துவதற்கோ, பணப் பரிவர்த்தனையையே பிரதான நோக்கமாகக் கொண்ட தளத்துக்கோ பேஜஸ் உரியதன்று என்று அதன் விதிகள் விளம்புகின்றன. இலவசச் சாதனத்தை அதன் விதிக்கு மாறாகப் பயன்படுத்திவிட்டு, திருவிழாக் காலத்தில் கடை மூடப்பட்டதென்று வருந்துவதில் பிரயோஜனமில்லை. கடைக்குக் கட்டணம் செலுத்தி இடம் எடுத்துக்கொள்வதே கண்ணியமான வழி.

அதைவிட ஆழ்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கட்டணமில்லாத கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் களஞ்சியம் பொதுவானதாகவே இருக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். சேலை உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட விவரங்களின்படி கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், கைத்தறி டிசைன்களைப் பார்த்து விசைத்தறியில் அடித்து விற்பவர்களால் நெசவாளிகள் நஷ்டப்படுவது நாமறிந்ததே. ஆதலால் பழைய, பொதுச்சொத்தான உருக்களை முழுமையாகவும், இப்போது தறியிலிருக்கும் புதிய டிசைன்களைச் சேலையின் படமாக மட்டிலும் வைத்து, அவற்றின் கட்டத்தாள்களை வெளியிடாதிருப்பதே விவேகம் என்று அக்குடும்பத்தாரிடம் சொன்னேன், அவர்களும் இசைந்தார்கள். நெசவாளிகளின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அறவே வேண்டா: முன்பு நான் புகழ்ந்த அந்த வரலாற்றுப் பக்கம், பின்னர் நீக்கிய எண்ணையும் மறவாமல் வைத்திருக்கும்.

இலவசமாக வருவது ஒரு நாள் நின்றுபோகாதா என்ற அச்சம் நியாயமானது. முன்னொரு காலத்தில் லட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-இல் மூடியபோது, பிரதி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் அநேகம் மறைந்தன. 2014 டிசம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 32 தளங்களுள் கிட்ஹப்பின் ஒரு பகுதியும் இருந்தது. ஆனால் கிட்டின் இயல்பே வேறு. களஞ்சியத்தை நம் கணினியில் ஒருமுறை குளோன் செய்துகொண்டால், பக்கங்களும் படங்களும் மட்டுமல்லாமல் ஆதிமுதல் நிகழ்ந்த திருத்தங்களின் வரலாறு முழுவதும் நம்மிடம் வந்துவிடுகிறது. ஒரு தறியிலிருந்து அவிழ்த்த அட்டைக் கட்டை அதே கொக்கிக் கணக்குள்ள வேறொரு ஜக்கார்டில் மாட்டினால் அதே முந்தி விழுவதைப்போல, அந்தக் களஞ்சியத்தை இதையொத்த பிற சேவைகளான கிட்லேபின் பேஜஸிலோ கிளவுட்ஃப்ளேர் பேஜஸிலோ ஏற்றினால் அதே தளம் அங்கே எழுந்து நிற்கும். மாறுவது முகவரி ஒன்றே. சொந்த முகவரி வாங்கியிருந்தால் அதுவும் மாறாது.

ஆகவே இந்தப் பணியை மேற்கொள்ளும் குடும்பமோ கூட்டுறவுச் சங்கமோ கணக்கைத் தனியொருவர் பெயரில் விட்டுவிடாமல், ஆர்கனைசேஷன் என்ற வகையில் திறந்து இருவரைப் பொறுப்பாளராக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பை அமைக்கும்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, கூலிக் கணக்கு நோட்டுகள் இருக்கும் அலமாரியிலேயே வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை களஞ்சியத்தைப் பென்டிரைவில் இறக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்ய இசைபவர்களுக்கு இந்தச் சாதனத்தைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன்.