அத்தாப்பு வீடு: ஒரு மதிப்பீடு

மலாய் மக்களின் மரபு வீட்டைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் அழகையே பேசுவர். அதன் அறிவுத்திறமே நம் கருத்துக்குரியது. தூண்கள்மீது உயர்ந்த தளம் வெள்ளத்தையும் ஈரத்தையும் தவிர்க்கிறது; நீண்ட சன்னல்கள் காற்றை அழைக்கின்றன; நீப்பா ஓலைக் கூரை வெப்பத்தைத் தேக்கிவைப்பதில்லை. பகல் வெப்பத்தை ஏற்று இரவில் உமிழும் கற்சுவர்களுக்குள் உறங்கும் குடும்பம் இதன் அருமையை உணரும்.

ஆயினும் போற்றுதல் மட்டும் திறனாய்வு ஆகாது. 1961 மே 25இல் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ, ஓலையும் மரமும் நெருங்கிய குடியிருப்பை அழித்து, ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்தது. இடைவெளியுள்ள சிற்றூருக்குப் பொருந்திய கூரை நகர நெருக்கத்தில் கேடாயிற்று.

ஆகவே, இன்று வீடு கட்டுவோர் அவ்வீட்டின் காற்றோட்டத்தையும் நிழலையும் கைக்கொள்க. கூரையை இடமறிந்து தேர்க. முன்னோர் அறிவை மதிக்கும் முறை இதுவே.