வாடாத அணி: தேம்பாவணி காட்டும் சாந்தம்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் வாழும் தமிழ்க் கிறித்தவரின் திருமண வழிபாடுகளில் எடுத்தாளப்பெறும் மறைப்பகுதிகளுள் ஒன்று, பேதுருவின் முதல் மடலில் உள்ள மூன்றாம் அதிகாரமாகும். கூந்தல் ஒப்பனையும் பொன்னணியும் புறத்தன, உள்ளத்தில் மறைந்துறையும் சாந்தமே அழியாத அணி என்பது அதன் கருத்து. மடல் அவ்விடத்து மனைவியரை விளித்துப் பேசுவதால், சாந்தம் பெண்ணுக்குரியது என்றும், எதிர்த்துப் பேசாமையே சாந்தம் என்றும் விளக்குவது வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கம் பொருந்துமா என்பதைத் தேம்பாவணியின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

மூலமொழியாகிய கிரேக்கத்தில் இங்கு வரும் சொல் 'பிரவுஸ்' என்பது. மத்தேயு நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் இயேசு தம்மைக் குறித்துச் சொல்வதும் இச்சொல்லையே. பழைய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'சாந்தம்' என்கின்றது. மத்தேயுவில் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'கனிவு' என்கின்றது. முன்னது சினம் அடங்கிய நிலையைச் சுட்ட, பின்னது முதிர்ச்சியைச் சுட்டுகின்றது. பின்னதே சிறந்த பெயர்ப்பு என்பது என் கருத்து. மேலும், பேதுருவின் அதே அதிகாரத்தின் பிற்பகுதி, நம்பிக்கைக்குக் காரணம் கேட்போர்க்குச் சாந்தத்தோடு விடைகூறுமாறு அனைவரையும் பணிக்கின்றது. அங்கே சாந்தம் வாய்மூடியிருத்தல் அன்று, பேசும் முறையே ஆகும். மேடையுரைகளில் இப்பகுதி ஏனோ விடுபட்டுப் போகின்றது.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் கதைத்தலைவன் வளன் எனப்படும் சூசை, தச்சுத்தொழில் செய்தவன். நூற்பெயரைத் தேன் போன்ற பாக்களாலாகிய அணி என்றும், தேம்பா அணி, அதாவது வாடாத மாலை, என்றும் பிரித்துப் பொருள் கொள்வர். பேதுருவின் மடலிலும் வாடாமை பற்றிய பேச்சு உரிமைப்பேற்றைச் சொல்லுமிடத்தும் மகுடத்தைச் சொல்லுமிடத்தும் வருகின்றது. முனிவர் அதனை எண்ணியே பெயரிட்டார் எனத் துணிய வேண்டுவதில்லை. எனினும் வாடாத அணியைத் தமிழில் ஒரு பெருங்காப்பியத்தின் பெயராக்கி, அதனை ஓர் ஆண்மகனுக்குச் சூட்டியுள்ளார் என்பது நோக்கத்தக்கது.

வளனின் சாந்தம் வெளிப்படும் இடம் ஐயந்தோற்று படலமும் அதனை அடுத்த ஐயநீங்கு படலமுமாகும். மரியாள் கருவுற்றிருப்பதைக் காண்கிறான், காரணம் அறியான். மோசேயின் சட்டம் கடுந்தண்டனைக்கு இடந்தந்தது, ஊராரும் அவன் பக்கமே நின்றிருப்பர். அவனோ அவளைப் பழிதூற்றாமல் அமைதியாக விலகிச்செல்ல எண்ணுகிறான். நற்செய்தியில் ஓரிரு வசனங்களில் முடியும் இந்நிலைக்கு முனிவர் படலங்களை ஒதுக்கியமை காரணமின்றி அன்று. தாக்கும் உரிமையைக் கையில் வைத்திருப்பவன் அதனைப் பயன்படுத்தாதிருத்தலே இங்குச் சாந்தம் எனப்படுகின்றது. அதிகாரம் அற்றவளிடம் அடக்கத்தை வேண்டுவதும் இதுவும் ஒன்றாகா.

குறையும் உண்டு. உள்ளழகைப் பாடும் காப்பியம் நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் மணியும் பொன்னுமாக மின்னுகின்றது. சிந்தாமணி முதலிய காப்பியங்களின் மரபைத் தழுவியதன் விளைவு இது. தச்சனின் எளிய இல்லத்தை அடைவதற்குள் படிப்பவர் களைத்துவிடுகின்றனர். வகுப்பறையில் தொடக்கப் படலங்களோடு நின்றுவிடும் ஆசிரியர், மாணவர்க்கு அணியை மட்டும் காட்டி வளனைக் காட்டாது விடுகின்றார்.

மலாக்காவின் தூய பேதுரு ஆலயம் எழுந்தது 1710இல். வீரமாமுனிவர் கோவாவில் வந்திறங்கிய ஆண்டும் அதுவே. இது வெறும் தற்செயலே. அவ்வாலயம் போர்த்துகீசிய மரபினர்க்குரியதாக எழுந்தது. தமிழர் பெருந்தொகையினராய் இம்மாநிலத் தோட்டங்களுக்கு வந்தது பின்னரே. அத்தோட்டங்களில் சாந்தம் என்னும் சொல்லுக்குக் கணவன் முன் ஒரு பொருளும், கங்காணி முன் ஒரு பொருளும் இருந்தன, இரண்டும் பணிதலே. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தம் குறைகளை முறையிடக் கோலாலம்பூர் நோக்கி நடந்தே சென்றனர். எதிர்த்துப் பேசாமையே சாந்தம் என்போர் அந்நடையைச் சாந்தக்குறைவு என்றே சொல்ல வேண்டிவரும். பேதுருவின் மடலோ, கேட்போர்க்கு விடைசொல்லுங்கள் என்கின்றது.