கத்தரியும் பசையும் காத்த எழுத்து

கிரிக்கெட் ஸ்கோர்கார்டு பார்த்துப் பழகியவர்களுக்கு பேஸ்பாலின் ‘பாக்ஸ் ஸ்கோர்’ அந்நியமாகத் தோன்றாது. அதற்கு உருக்கொடுத்த ஹென்றி சாட்விக்கே முதலில் கிரிக்கெட் பற்றி எழுதியவர்தான். 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து, 12 வயதில் குடும்பத்தோடு புரூக்ளினுக்கு வந்தார். நியூயார்க் கிளிப்பர், புரூக்ளின் ஈகிள் போன்ற பத்திரிகைகளில் 1908-இல் இறக்கும்வரை பேஸ்பாலைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த எழுத்து பிழைத்ததற்குக் காரணம் அவருடைய வெட்டியொட்டும் பழக்கம். பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்துப் பெரிய நோட்டுகளில் ஒட்டிவந்தார். இறந்தபின் அவருடைய சேகரிப்பு விளையாட்டுச் சாமான் வியாபாரி ஆல்பர்ட் ஸ்பால்டிங்கிடம் போனது. பேஸ்பால் இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்று சாட்விக் சொன்னபோது, இல்லை, அமெரிக்க மண்ணிலேயே பிறந்தது என்று எதிர்வாதம் செய்த அதே ஸ்பால்டிங்! எதிராளியின் காகிதங்களை அவர் தூக்கி எறியவில்லை. அது பெரிய விஷயம். 1921-இல் அவருடைய மனைவி அவற்றை நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடுத்தார்.

இந்த நோட்டுகள் இல்லாவிட்டால் 19-ஆம் நூற்றாண்டு பேஸ்பாலின் வரலாற்றில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். ஆனால் காப்பாற்றிய கத்தரியே சேதமும் செய்திருக்கிறது. ஒரு துணுக்கைக் கையில் எடுத்தால் ஆட்ட வருணனை இருக்கும், கீழே பெயர்களும் எண்களும் வரிசையாக இருக்கும். எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று பல துணுக்குகளில் தெரியாது. பக்கத்தின் மேல்விளிம்பு அன்றே குப்பைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் செய்திக்குக் கீழே எழுதியவர் பெயரைப் போடுவதும் அரிது. நோட்டில் இருப்பதாலேயே அது சாட்விக் எழுதியது என்று அடித்துச் சொல்ல முடியாது. பிறர் எழுதியது பிடித்துப்போய் வெட்டி வைத்திருக்கலாம்.

மரக்கூழ்த் தாள் காலப்போக்கில் பழுப்பேறி நொறுங்கும். அதனால் நோட்டுகளை மைக்ரோஃபிலிமில் எடுத்தது சரியான முடிவு. தொலைவிலிருக்கும் ஆய்வாளருக்கும் அவை கிடைத்தன. ஆனாலும் படச்சுருள் மூலத்துக்கு ஈடாகாது. பழுப்புத் தாள் அதில் கறுத்துப்போகும், துணுக்கின் பின்பக்கமும் தெரியாது. அங்கே இருக்கும் ஒரு விளம்பரமே சில நேரம் தேதியைக் காட்டிக்கொடுக்கும்.

மூலத்துக்குக் காவலும் வேண்டும். சாட்விக்கின் சமகாலத்தவரான பேஸ்பால் மேலாளர் ஹாரி ரைட்டுக்கு வந்த பழைய கடிதங்கள் 2009-இல் ஏலத்துக்கு வந்தபோது, அவை நூலகத்தின் இதே ஸ்பால்டிங் தொகுப்பிலிருந்து திருடப்பட்டவையா என்று எஃப்பிஐ விசாரிக்க நேர்ந்தது. கொடையாக வந்ததைப் பட்டியல் போட்டுப் பூட்டி வைக்காவிட்டால், வாங்கி வைத்ததில் அர்த்தமில்லை.

இன்று நல்ல வழி பிறந்திருக்கிறது. 1841 முதல் 1902 வரையிலான புரூக்ளின் ஈகிள் இதழ்களை புரூக்ளின் பொது நூலகம் 2003-இல் இணையத்தில் ஏற்றியது. கிளிப்பர் இதழ்களையும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் மின்வடிவாக்கியிருக்கிறது. ஆனால் எழுத்துணரி மென்பொருள் மங்கிய எழுத்தைத் தப்பாகப் படிக்கும், எழுதியவர் யாரென்றும் சொல்லாது. நோட்டு மட்டும் இருந்தால் தேதி இல்லை. இணைய இதழ் மட்டும் இருந்தால் சாட்விக்கின் கை எங்கே பட்டது என்று தெரியாது. இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு துணுக்கும் வந்த பக்கத்தைத் தேடிப்பிடித்து, நாளும் இதழும் குறிக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் அப்படிச் செய்தால் அவர் வெட்டாமல் விட்ட பத்திகளும், அந்த ஆட்டத்தைப் பற்றி அடுத்த பத்திரிகைக்காரர் எழுதியதும் சேர்ந்தே கண்ணில் படும்.