திரையை நம்பலாமா?

ஜீரோ டேஸ் (2016), ஆவணப்படம். இயக்கம்: அலெக்ஸ் கிப்னி

அறிவியல் செய்தியையும் துப்பறியும் கதையின் விறுவிறுப்புடன் சொல்லலாம் என்பதற்கு இப்படம் ஒரு சான்று. 2010ஆம் ஆண்டு பெலாரஸ் நாட்டுக் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று ‘ஸ்டக்ஸ்நெட்’ என்னும் நச்சு நிரலைக் கண்டுபிடித்தது. ஈரானின் நதான்ஸ் ஆலையில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கிகளைப் பழுதாக்கவே அது எழுதப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. அதை ஏவியவர்கள் யார் என்ற கேள்வியே படத்தை நடத்திச் செல்கிறது.

படத்தின் மிகச் சிறந்த காட்சி ஒரு பலூன்தான். ஆலைகளில் பயன்படும் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவியுடன் காற்றுப் பம்பு ஒன்றை ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள். குறித்த நேரம் ஓடியதும் பம்பு தானே நிற்கிறது. கருவியில் நச்சு நிரல் புகுந்த பிறகோ நிற்காமல் ஓடுகிறது, பலூன் வெடிக்கிறது. நிரலுக்கு இயந்திரத்தையே உடைக்கும் ஆற்றல் உண்டு என்பதை விளக்க இதைவிட எளிய வழி ஏது?

ஆனால், இயந்திரம் உடைந்துகொண்டிருந்தபோது பணியாளர்கள் ஏன் அறியவில்லை? படம் இதைச் சில நிமிடங்களில் சொல்லிவிட்டு அரசியலுக்குத் திரும்பிவிடுகிறது. நம் குறை இதுதான். ஸ்டக்ஸ்நெட்டின் ஒரு பகுதி, வால்வுகளை மூடி மையவிலக்கிகளில் வாயு அழுத்தத்தை உயர்த்த எழுதப்பட்டது. அதற்கு முன் அது உணர்கருவிகளின் அளவுகளை 21 விநாடிகள் பதிவு செய்துகொள்ளும். தாக்குதல் நடக்கும்போது அந்த 21 விநாடிகளையே மீண்டும் மீண்டும் ஒப்பிக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். கண்காணிப்புத் திரையிலோ எல்லாம் நலம்!

இதற்கு மாற்று உண்டா? உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிலின் மோ, புருனோ சினோப்போலி இருவரும் 2009லேயே ஒரு வழி கூறினர். ஆலைக்குச் செல்லும் கட்டளையில், முன்கூட்டி ஊகிக்க முடியாத ஒரு சிறு அசைவைக் கலக்க வேண்டும். உண்மையான இயந்திரமானால், அந்த அசைவின் சாயல் திரும்பி வரும் அளவுகளில் தெரியும். பழைய பதிவில் அது இராது. வகுப்பில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்ற குரலை மட்டும் நம்பாமல், எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்பது போன்றது இது.

இதற்கும் விலை உண்டு. அசைவு கலப்பதால் கட்டுப்பாட்டின் துல்லியம் சற்றுக் குறையும். கேள்வி கேட்கும் கருவி எதிரியின் கைக்கு எட்டாமல் தனித்து இருக்கவும் வேண்டும். கணிப்பொறியைச் சாராத ஓர் அழுத்தமானியையும் வைத்து ஒப்பிடுவது எளிய துணைக்காப்பு. மின்நிலையம், குடிநீர் ஆலை அனைத்துக்கும் பொருந்தும் இச்செய்திக்குப் படத்தில் இடமில்லை.

விந்தை என்னவென்றால், படமே ஒரு திரைப் பொய்யைக் கையாள்கிறது. இரகசியங்களைச் சொல்லும் உளவுத்துறைப் பெண் ஒரு நடிகை. பலர் தந்த செய்திகளை அவர் ஒரே முகமாகப் பேசியிருக்கிறார். இறுதியில்தான் இதைச் சொல்கிறார்கள். அதுவரை நாமும் நம்பினோம் அல்லவா? நதான்ஸ் பணியாளர்களின் நிலையை உணர்த்த இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. இயக்குநர் அதைப் பயன்படுத்தவில்லை.

மாணவர்கள் படத்தைக் கட்டாயம் பார்க்கலாம். யார் செய்தார் என்ற கேள்வியோடு நிறுத்திவிடாமல், திரையில் தெரியும் எண் எந்த வழியாக வந்தது என்றும் கேட்கப் பழகுவது நல்லது.