விசுவாசம் மட்டும் போதுமா? லூதரின் ஒரு சொல்லும் நமது விமர்சன மரபும்

பிற சமயக் கோட்பாட்டை மறுத்து எழுதப் புகுவோர்க்கு முதற்கடமை ஒன்று உண்டு. மறுக்கப்படும் கொள்கையை, அதனை ஏற்றவரே ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும் வடிவில் எடுத்துரைத்தல் வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுக்கத் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ எழுதினார்கள். அவர்தம் கொள்கைகளை உள்ளவாறு விளக்க ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்னும் தனிநூலும் எழுதினார்கள். ஒரு கலையின் பிழையைக் காட்ட விரும்புபவர் அக்கலையில் தேர்ந்தோருக்கு நிகராக அதனைக் கற்றிருக்க வேண்டும் என்பது அன்னாரின் கருத்து.

இந்த அளவுகோலை நமது மேடைகளுக்கும் நூல்களுக்கும் பொருத்திப் பார்த்தால் நாணவேண்டிய இடங்கள் பல உள. அவற்றுள் ஒன்று, விசுவாசத்தால் மட்டுமே மீட்சி என்னும் கிறித்தவக் கோட்பாட்டை நாம் எடுத்துரைக்கும் முறை. ‘ஏசுவை நம்பிவிட்டால் போதும், பிறகு எந்தப் பாவத்தையும் செய்துகொள்ளலாம் என்பது அவர்கள் கொள்கை’ என்று ஒரே வரியில் சொல்லி, அடுத்த வரியில் அதனை மறுத்துவிடுகிறோம். சமய ஒப்பாய்வு வகுப்பில் பல ஆண்டுகள் நானும் அவ்வாறே சொல்லிவந்தேன்.

ஒருநாள் வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், கலிமாவை மொழிந்தவர் சுவனம் புகுவார், அவர் விபசாரமும் திருட்டும் செய்திருந்தாலும் சரியே என்று அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை ‘புகாரி’யில் ஓதுகிறோம். ஒரு பாதிரியார் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘முஸ்லிம்களின் கொள்கை இதுதான்’ என்று பேசினால் நாம் ஒப்புவோமா?” என்று கேட்டார். அன்று ஏதோ ஒரு விடை சொன்னேன். அது அவருக்கு நிறைவளித்ததோ இல்லையோ, எனக்கு அளிக்கவில்லை. அந்தக் கேள்விக்குக் காலந்தாழ்ந்த மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு துறவியின் அச்சம்

மார்ட்டின் லூதர் (1483-1546) ஜெர்மனியில் அகஸ்தீனிய சபையைச் சேர்ந்த துறவி. விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதபாட ஆசிரியர். நோன்பாலும் தொழுகையாலும் ஓயாத பாவ அறிக்கையாலும் தம்மை வருத்திக்கொண்டும், இறைவன் தம்மை ஏற்றான் என்ற அமைதி அவருக்குக் கிட்டவில்லை. அவர் காலத்தில் ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்கான பொருளைத் திரட்டும்பொருட்டுப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் ஜெர்மனியில் விற்கப்பட்டன. மனிதன் பணம் கொடுத்து இறைவனின் பொறுப்பை வாங்கலாம் என்ற நிலை உருவானது. 1517இல் அவர் எழுதிய 95 கூற்றுகள் இவ்வணிகத்துக்கு எதிரானவை.

பவுலின் ரோமர் நிருபத்தில் லூதர் தம் அச்சத்துக்கு விடை கண்டார். மனிதன் தன் செயல்களின் ஈட்டத்தால் இறைவன்முன் நீதிமான் ஆவதில்லை. இறைவனின் கிருபையை விசுவாசத்தால் பற்றிக்கொள்கையில் நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்பது அவர் கண்ட விடை. 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது, அந்நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் 28ஆம் வசனத்தில், விசுவாசம் என்ற சொல்லோடு ‘மட்டும்’ என்று பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை.

எதிர்ப்பு எழுந்தது. 1530இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய திறந்த மடலில் லூதர் தம் செயலை மறைக்கவில்லை. அச்சொல் மூலத்தில் இல்லை என்பது தமக்கும் தெரியும் என்றும், ஒன்றை மறுத்து மற்றொன்றை நிறுவும் இடத்தில் ஜெர்மன் மொழி அச்சொல்லை வேண்டுகிறது என்றும், பவுலின் கருத்தும் அதுவே என்றும் வாதிட்டார்.

தமிழர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். நம் மொழியில் ஒரு தேற்றேகாரம் போதும், ‘மட்டும்’ என்ற பொருள் வந்துவிடும். தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் நெடுங்காலமாக வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பில் இவ்வசனத்திலுள்ள விசுவாசம் என்ற சொல் ஏகாரம் பெற்றே நிற்கிறது. ஆயினும் மொழிமரபு வேறு, கோட்பாட்டு முடிவு வேறு. ஏகாரமும் ‘மட்டும்’ என்ற சொல்லும் கண்ணுக்குத் தெரியாமல் உரையாசிரியரின் முடிவை மூலத்துக்குள் கொண்டு சேர்க்க வல்லவை. தஃப்ஸீர் வேறு, மத்ன் வேறு என்று பிரித்தறியப் பயின்ற நமக்கு, மூலத்துக்குள் விளக்கம் நுழையும் இவ்விடம் விமர்சனத்துக்குரியது என்பதில் ஐயமில்லை.

யாக்கோபின் தடை

புதிய ஏற்பாட்டில் ‘விசுவாசம் மட்டும்’ என்ற தொடர் ஓரிடத்தில்தான் வருகிறது. அதுவும் மறுக்கப்படுவதற்காக வருகிறது. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறது. பசித்தவனை நல்வாக்குச் சொல்லி வெறுங்கையோடு அனுப்புவதால் என்ன பயன் என வினவுகிறது. ஷைத்தான்களும் இறைவன் ஒருவன் என்று நம்பி நடுங்குகின்றன என்பதையும் எடுத்துக்காட்டுகிறது. லூதர் 1522இல் எழுதிய முன்னுரையில், மற்ற முதன்மை நூல்களோடு ஒப்பிட இது வைக்கோல் நிருபம் என்றார். பிற்காலப் பதிப்புகளில் அவ்வாசகம் நீக்கப்பட்டது.

ஒரு கோட்பாடு தன் வேதத்தின் ஒரு பகுதியைத் தாழ்த்தினாலன்றி நிலைகொள்ளாது எனின், அக்கோட்பாட்டின் வலுவையே ஐயுற வேண்டும். இவ்விமர்சனம் நமக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்கத் திருச்சபை டிரெண்ட் பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வில், 1547 ஜனவரி 13 அன்று, லூதரின் கோட்பாட்டை மறுத்துச் சாபத்தீர்ப்புகளை வெளியிட்டது. லூதரின் வழிவந்த சுவீடன் நாட்டு அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் எழுதிய கட்டுரையில், லூதரின் மனச்சாட்சி வேதனை பவுலுக்கு உரியதன்று என்று காட்டினார். யூதரல்லாதார் இறைமக்கள் கூட்டத்துள் எவ்வாறு இடம்பெறுவர் என்பதே பவுலின் கேள்வி என்பது அவர் முடிபு. 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் வெளியிட்ட ஆய்வு, பவுல் காலத்து யூத சமயம் செயல்களால் மீட்சியை விலைக்கு வாங்கும் சமயமாக இருந்ததில்லை என்று நிறுவ முயன்றது. கோட்பாட்டை வலுவாக ஆராய்ந்தவர் அவ்வீட்டாரே என்பதை நாம் மறைக்கலாகாது.

லூதர் சொல்லாதது

இனி, நாம் அவர்மீது ஏற்றிச் சொல்வதை நோக்குவோம். ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில் லூதர், விசுவாசம் உயிருள்ள, ஓயாது இயங்கும் ஒன்று என்றும், அது நன்மை செய்யாதிருத்தல் இயலாது என்றும் விளக்குகிறார். மரம் நல்லதாயின் கனி வரும். கனியைக் கட்டித் தொங்கவிட்டு மரத்தை நல்லதாக்க முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். அவரது நண்பரான யொகான் அக்ரிகோலா, விசுவாசிக்கு நியாயப்பிரமாணப் போதனை தேவையில்லை என்று பேசியபோது, 1539இல் அவருக்கு எதிராகவே லூதர் நூல் எழுதினார்.

துணிந்து பாவம் செய் என்று பொருள்படும் ஒரு தொடர், 1521இல் அவர் மெலாங்தனுக்கு எழுதிய கடிதத்தில் உண்டு. நம்மவர் விரும்பி எடுத்தாளும் தொடர் அது. அதனை அடுத்து வரும், அதனினும் துணிந்து விசுவாசி என்ற பகுதியையும், வேதனையில் உழலும் நண்பருக்கு எழுதிய கடிதம் அது என்பதையும் விட்டுவிடுகிறோம். அபூதர் (ரலி) அவர்களின் ஹதீஸைத் துண்டாக வெட்டி எடுப்பவர்மீது நாம் சினம் கொள்வோமாயின், இத்தொடரை வெட்டி எடுக்கும் உரிமை நமக்கும் இல்லை. ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதியினின்று உங்களைப் பிறழச் செய்யவேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை அன்றோ.

கோட்பாடு தவறாகப் பயன்பட்டதும் உண்மை. ஜெர்மானிய லூதரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், மனந்திரும்பாமலும் கீழ்ப்படியாமலும் பெறப்படும் மன்னிப்பை மலிவான கிருபை என்று 1937இல் வெளியான தம் நூலில் கண்டித்தார். நாஜி ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். தம் மரபின் நோயைத் தம் மரபின் உள்ளிருந்தே கண்டு சொன்னவர் அவர்.

450 ஆண்டுகளுக்கும் மேலான பூசலுக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூதரன் கூட்டமைப்பும் இப்பொருள் குறித்துக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 2006இல் மெத்தடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் இணைந்தன. மீட்சி கிருபையால் கிட்டுவது. நற்செயல் அதன் கனி என்பது அவர்களின் பொது நிலை. இதனை அறியாமல் இன்றும் மேடையேறுவோர், 16ஆம் நூற்றாண்டின் கேலிச்சித்திரத்தோடு வாதிடுகின்றனர்.

நம் வீட்டு வழக்கு

இதே வழக்கு நம் வீட்டிலும் நடந்ததுண்டு. பெரும்பாவம் செய்தவன் ஈமானை இழந்தான் என்றனர் கவாரிஜ்கள். தீர்ப்பை இறைவனிடம் ஒத்திவைத்த முர்ஜிஆக்களுள் வரம்பு மீறியோர், ஈமான் இருப்பின் பாவம் கேடு செய்யாது என்னும் அளவுக்குச் சென்றனர். ஈமான் என்பது உள்ளத்தின் அறிவு மட்டுமே என்றார் ஜஹ்ம் இப்னு ஸஃப்வான். நாவின் ஒப்புதலே ஈமான் என்றனர் கர்ராமிய்யாக்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஈமான் என்பது உள்ளம் மெய்ப்பித்தலும் நா ஒப்புதலும் என்று வரையறுத்து, அமலை அதன் பகுதியாக்காது விட்டார்கள். எனினும் அமல் கடமை என்பதிலும், பாவி தண்டனைக்குரியவன் ஆகக்கூடும் என்பதிலும் அவர்களுக்கு ஐயமில்லை. இமாம் புகாரி (ரஹ்) ஈமான் சொல்லும் செயலுமாகும். அது கூடும், குறையும் என்றார்கள். இவ்விரு பெருந்தகையரின் வேறுபாட்டை நாம் எத்துணைப் பரிவோடு விளக்குகிறோம்! அப்பரிவில் பத்தில் ஒன்றையேனும் அயலார் வழக்குக்கும் அளித்தல் நீதியாகும்.

எவரையும் அவரது அமல் மட்டும் சுவனத்தில் சேர்க்காது; அல்லாஹ்வின் கருணை தம்மைப் போர்த்தினாலன்றித் தமக்கும் அவ்வாறே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதும் ‘புகாரி’, ‘முஸ்லிம்’ இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஆகவே, ‘அவர்கள் கருணையை நம்புகின்றனர், நாம் செயலை நம்புகிறோம்’ என்று கோடு கிழிப்பது பிழை. சுவனத்தின் திறவுகோல் கலிமாதானே என்று கேட்டவரிடம், பற்களற்ற திறவுகோல் பூட்டைத் திறக்காது என்று வஹப் இப்னு முனப்பிஹ் (ரஹ்) விடை கூறினார்கள். யாக்கோபு நிருபத்தை எழுதியவர் இவ்விடையைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

வேறுபாடு எங்கே?

அவ்வாறாயின் வேறுபாடு இல்லையோ எனின், உண்டு, அது ஆழமானது. லூதரின் கொள்கையில் மனிதன் ஏற்கப்படுவது வேறொருவரின் நீதியால். கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எண்ணப்படுகிறது. விசுவாசியின் பாவத்தைக் கிறிஸ்து சுமக்கிறார். மணமகனும் மணமகளும் உடைமைகளைப் பகிர்ந்துகொள்வதை இதற்கு உவமையாக 1520இல் அவர் எழுதினார். இவ்வுவமையின் உருக்கத்தை மறுக்க முடியாது. ஆனால், எந்த ஆன்மாவும் மற்றோர் ஆன்மாவின் சுமையைச் சுமக்காது என்பது திருக்குர்ஆனின் நிலை. ஆதம் (அலை) பிழைத்தார், தவ்பா செய்தார், இறைவன் மன்னித்தான். இடையில் விலை இல்லை, பலி இல்லை. மன்னிப்பதற்கு ஈடு வேண்டாத கருணையைத்தான் நாம் கருணை என்கிறோம். இதற்கு அவர்கள், நீதி நிறைவேறாத மன்னிப்பு முழுமையாகுமா என்று வினவுவர். கண்ணியமான உரையாடல் தொடங்கவேண்டிய இடம் அதுவே.

லூதரன் சமயத்தூதர் சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தமிழரிடம் வினாக்கள் எழுதியனுப்பி, விடைக் கடிதங்களைத் திரட்டி ஜெர்மனிக்கு அனுப்பினார். கிறித்தவரின் கோட்பாட்டைவிட அவர்தம் நடத்தையையே குறைகூறிய தமிழர் குரல்களும் அவற்றுள் உண்டு. விசுவாசத்தால் மீட்சி என்று போதிக்க வந்தவரிடம் மக்கள் செயலையே கேட்டனர். நம்மிடமும் அவர்கள் கேட்பது அதுவேயாகும்.

இங்கே அம்மாணவரின் கேள்வி மீண்டும் எழுகிறது. கடனை அடைக்காமல், பங்காளியின் சொத்தைத் திருப்பாமல் இறந்தவரைப் பற்றி, ‘கடைசி மூச்சில் கலிமா வந்தது, இனிக் கவலையில்லை’ என்று ஜனாஸா வீட்டில் சொல்லி ஆறுதல் அடைகிறோம். கடன்பட்டு இறந்தவருக்குத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கிய செய்தியை அவ்வேளையில் எவரும் நினைவூட்டுவதில்லை. விதைக்காமல் அறுவடையை எதிர்பார்ப்பது நம்பிக்கை ஆகாது, ஏமாற்றே என்று ‘இஹ்யா’வில் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்தது நம்மவரை நோக்கியே அன்றோ. மீட்சி உங்கள் வீண் ஆசைகளின்படியும் இல்லை, வேதக்காரர்களின் வீண் ஆசைகளின்படியும் இல்லை என்னும் அந்நிஸா அத்தியாயத்தின் 123ஆம் வசனம், கண்டனத்தை முஸ்லிம்களிலிருந்தே தொடங்குகிறது. அடுத்த முறை அப்பாடத்தை நடத்துகையில் இவ்வசனத்தை முதலில் ஓதிவிட்டே லூதரிடம் செல்லக் கருதியுள்ளேன்.

உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.