மேடை மரணமும் கொடுப்பினைப் பேச்சும்

பாடகர் ஒருவர் மேடையிலேயே இறந்துவிட்டால், மறுநாள் அஞ்சலிக் குறிப்புகள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பாடியபடியே போய்ச் சேர்ந்தார், இது எத்தனை பேருக்கு வாய்க்கும், கலைக்கே உயிரைக் கொடுத்தார், கொடுப்பினை. துக்கம் விசாரிக்க வந்தவர் வீட்டாரிடம் இதைச் சொன்னால் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் விமர்சகர்களும் இசை வரலாறு எழுதுபவர்களும் இதையே முடிந்த முடிபாக எடுத்துக்கொள்கிறார்கள். மேடை மரணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவற்றில் கலையின் உச்சம் தென்படுவதில்லை. நோய்ப்பட்ட இதயம், எர்த் இல்லாத மின்கம்பி, சொற்பக் கூலி, நேரத்துக்கு வந்து சேராத உதவி ஆகியவைதான் தென்படுகின்றன. அதைவிடக் கொடியது, கொடுப்பினைப் பேச்சே இந்தச் சாவுகளில் சிலவற்றுக்குத் துணைபோயிருக்கிறது என்பது.

இந்த வரலாற்றைப் பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லியிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1687 ஜனவரியில், பதினான்காம் லூயி நோயிலிருந்து மீண்டதைக் கொண்டாடிய நிகழ்ச்சியில், தாளத்துக்காகத் தரையில் தட்டிய கோல் அவர் காலைப் பதம் பார்த்தது. புண் புரையோடி மார்ச் மாதம் இறந்தார். இறந்தது மேடையில் அல்ல என்றாலும் பட்டியல்கள் அவரை விடுவதாயில்லை. அடுத்து மியூனிக் வரும். 1911இல் இசை நடத்துநர் ஃபெலிக்ஸ் மோட்டில் வாக்னரின் 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' நடத்துகையில் சரிந்து, 11 நாள் கழித்து உயிர்விட்டார். 1968இல் அதே நகரில், அதே இசைநாடகத்தை நடத்துகையில் ஜோசப் கைல்பெர்த் இறந்தார். உடனே சாபக் கதை பிறந்துவிட்டது. மணிக்கணக்காகக் கையை உயர்த்தி நின்றபடி, விளக்கு வெக்கையில், நூறு பேரைக் கட்டி மேய்க்கும் வேலை அது என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. மித்ரோபூலோஸ் 1960இல் மிலானில் மாலரின் மூன்றாம் சிம்பொனி ஒத்திகையில் விழுந்தபோது அவர் முன்பே மாரடைப்பு கண்டவர். 2001இல் பெர்லினில் 'ஐடா' நடத்துகையில் விழுந்த சினோபோலிக்கு வயது 54.

சாவைத் திருத்தி எழுதும் வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு லெனார்ட் வாரனைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1960 மார்ச் 4, நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கு, வெர்டியின் 'விதியின் வலிமை'. 48 வயதான அந்தப் பாரிட்டோன் பாடகர், மரணம் எவ்வளவு அச்சம் தருவது என்று பொருள்படும் வரியைப் பாடியவுடன் சாய்ந்தார் என்றே பலரும் எழுதுகிறார்கள். அந்த வரி காட்சியின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு ஆரியா என்னும் தனிப்பாடல் ஒன்றையும் முழுதாக அவர் பாடி முடித்திருந்தார். எதிரி பிழைத்துக்கொண்டான் என்ற செய்தி கேட்டுப் பாத்திரம் மகிழும் இடத்தில்தான் விழுந்தார். அந்த மகிழ்ச்சி புராணத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் அவர் இறந்த கணத்தையே சில நிமிடங்கள் முன்னுக்கு நகர்த்திவிட்டார்கள். 1996இல் அதே அரங்கில், முந்நூறாண்டு கடந்து வாழும் பெண்ணைப் பற்றிய யனாச்செக்கின் 'மக்ரோபுலோஸ்' இசைநாடகத்தில் பாடகர் ரிச்சர்ட் வெர்சால் ஏணியிலிருந்து விழுந்து இறந்தபோதும், அவர் அப்போது பாடிய, ஆயுளைப் பற்றிய வரியைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது.

மின்சாரம் மேடைக்கு வந்த பிறகு எழுதப்பட வேண்டிய வரலாறே வேறு. அதை நாம் இன்னும் எழுதவில்லை. 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மைக்கைத் தொட்டார், இறந்தார். வயது 27. கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்தவை. மைக்கின் உலோக உடல் வேறொரு கருவியோடு சேர்ந்தது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லாமல் உலோகத்தில் மின்சாரம் ஏறியிருந்தால், ஒரு கையைத் தந்தியிலும் மறுகையை மைக்கிலும் வைத்திருக்கும் மனிதனின் நெஞ்சு வழியாகத்தான் அது பாயும். வியர்வையில் நனைந்த தோல் அதைத் தடுக்காது. 30 மில்லியாம்பியர் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் சிறு கருவி இன்று சாதாரண வீடுகளிலும் இருக்கிறது. ஆனால் 2017இலும் பிரான்சின் கூர்தோனில், தேவாலயம் ஒன்றில் பாடிக்கொண்டிருந்த 35 வயது பார்பரா வெல்தென்ஸ் சரிந்து இறந்தார். மின்சாரம் தாக்கியதாகவே விசாரணை நகர்ந்தது. முதல் இசைத்தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டு அது. இதில் எந்த உச்சத்தைக் காண்பது?

இந்தோனேசியாவின் இர்மா பூலேயைப் பேரிசை ஆய்வாளர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர் மேற்கு ஜாவாவில் ஊர் ஊராகப் போய் டாங்டுட் என்னும் வெகுஜனப் பாட்டைப் பாடியவர். கூட்டத்தைப் பிடித்துவைக்கப் பாம்போடு ஆடிப் பாடுவது அந்தப் பிழைப்பில் ஒரு வழக்கம். 2016 ஏப்ரலில் கராவாங்கில் ராஜநாகத்தின் வாலை மிதித்தார், அது தொடையில் கடித்தது. மாற்று மருந்தை மறுத்துவிட்டு ஏறக்குறைய 45 நிமிடம் பாட்டைத் தொடர்ந்தார் என்கின்றன செய்திகள். மூச்சுத் தசைகளை முடக்கும் நஞ்சு அது. இறந்தபோது அவருக்கு வயது 29. உலகப் பத்திரிகைகள் இதை விந்தைச் செய்தியாக விற்றுத் தீர்த்தன. நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்த முடியாது என்று ஒரு தொழிலாளியை நினைக்க வைத்தது எது என்ற கேள்வி, வாரனின் கடைசி வரியைவிட இசை வரலாற்றுக்கு முக்கியமானது.

இதயம் நின்றுபோனால், முதலுதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மேடை அந்த நிமிடங்களைத்தான் தின்கிறது. 1975இல் நியூஜெர்சியில் பாடகர் ஜாக்கி வில்சன், இதயம் அழுவதைச் சொல்லும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது கூட்டம் கைதட்டியது. அவர் நினைவு முழுதாகத் திரும்பாமலே 1984வரை கிடந்து மாய்ந்தார். 2016இல் அபிஜானில் பாடகர் பாப்பா வெம்பா விழுந்த பிறகும் முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆடினார்கள். 2017இல் அட்லாண்டாவில், தன் 70ஆம் பிறந்தநாள் நிகழ்ச்சியில் புரூஸ் ஹாம்ப்டன் மண்டியிட்டுச் சரிந்ததைச் சக கலைஞர்களே வேடிக்கை என்று எண்ணி வாசித்தார்கள். யார் மீதும் பழி சொல்வதற்கில்லை. மேடையில் நடப்பதெல்லாம் கலையின் பகுதி என்று நாம் பழகியிருக்கிறோம். அதே பழக்கம்தான் மறுநாள் அஞ்சலியையும் எழுதுகிறது.

கலைஞர்களே அப்படிச் சாக விரும்புகிறார்களே என்று கேட்கலாம். கடைசி நாள்வரை பாடுவேன் என்று தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா சொல்லிவந்ததாக அவர் குடும்பமே அறிவித்தது. 2008 நவம்பரில் இத்தாலியின் காஸ்தெல் வோல்துர்னோவில் பாடி முடித்த கையோடு சரிந்து இறந்தார். சாகும்வரை பாட விரும்புவது ஒன்று, பாடும்போது சாக விரும்புவது வேறொன்று. அவர் அங்கே போன காரணமும் கவனிக்கத்தக்கது. குற்றக் கும்பலை எதிர்த்து எழுதிய ராபெர்தோ சவியானோவுக்கு ஆதரவாக, இரண்டு மாதம் முன்பு ஆறு ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊரில், 76 வயதில் உடல்நலம் குன்றிய நிலையில் பாடப் போனார். அவரது பெருமை அந்த முடிவில் இருக்கிறது. அங்கே அவர் பாடிவிட்டு நலமாக வீடு திரும்பியிருந்தாலும் அதில் ஒரு துளி குறைந்திருக்காது.

நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். 2022 மே 28 அன்று ஆலப்புழையில் கானமேளா மேடையில் 78 வயது எடவா பஷீர் பாடும்போதே விழுந்து இறந்தார். மூன்று நாள் கழித்துக் கொல்கத்தாவில், நஸ்ருல் மஞ்ச் அரங்கில் பாடிவிட்டு விடுதி திரும்பிய 53 வயதுத் திரைப் பாடகர் கேகே இறந்தார். கேகே விஷயத்தில் நெரிசல், வெக்கை, குளிர்சாதனம் என்று மறுநாளே கேள்விகள் கிளம்பின. பஷீருக்கு அஞ்சலிகளில் பாடியபடியே போனார் என்ற பெருமிதமே மேலோங்கி நின்றது. முதியவரின் உயிருக்குக் கேள்வி வேண்டாமா? வாணி ஜெயராமுடன் 'முக்குவனெ ஸ்நேகிச்ச பூதம்' படத்தில் பாடியவர் அவர். ஆனால் அவர் வாழ்க்கை திரையில் இல்லை, திருவிழா மேடைகளில் இருந்தது. கேட்பவர் விரும்பும் பாட்டை, யார் குரலில் வந்ததானாலும், இரவு முழுக்கப் பாடித் தரும் அந்தத் தொழிலுக்கு என்ன கூலி, எப்படிப்பட்ட பயணங்கள், குரலை எப்படிக் காப்பாற்றினார்கள், ஜெனரேட்டரும் மைக் செட்டும் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பதிவுசெய்த முழுமையான நூல் கேரளத்துக்கும் வேண்டும், நம் மெல்லிசைக் குழுக்களுக்கும் வேண்டும். பஷீரோடு பாடியவர்களும் வாசித்தவர்களும் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.