பெயர் வெட்டாத கல்

சங்கரன்கோவில் பக்கத்து ராயகிரிக்காரருக்கு வாசுதேவநல்லூர், தென்மலை, நெற்கட்டும்செவல் எல்லாம் ஒரு பகலில் சைக்கிளில் போய்வரக்கூடிய ஊர்கள். 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு வந்தது முதல் 1767-ல் டொனால்ட் காம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்தது வரை, இந்த வட்டாரத்தில் ரத்தம் பார்க்காத மண் இல்லை. இன்று நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. பாளையங்கோட்டையில் அவருடைய தளபதி ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் அந்தக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் நின்று செத்தவர்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அழைக்க முடியும்? போரில் பட்டவனுக்குச் செய்யும் மரியாதையில் முதலாவது அவன் பெயரை அவன் ஊரில் எழுதிவைப்பது. மாலை, பீரங்கி முழக்கம், மண்டபம் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் வாதம். தமிழ்நாட்டு நடுகல் ஆராய்ச்சியும் உலகப்போர் நினைவுச் சின்னங்களின் வரலாறும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகளாகத் தோன்றினாலும், இந்த இடத்தில் ஒரே சாட்சியத்தையே சொல்கின்றன.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. இது வெறும் இலக்கண மரபு என்று ஒதுக்க முடியாதபடி, 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதற்கு முன்பே இரா. நாகசாமி காலத்தில் தொல்லியல் துறை செங்கம் வட்டார நடுகற்களைப் படித்து வெளியிட்டிருந்தது. அக்கல்வெட்டுகளின் சிக்கனம் வியப்பூட்டும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எந்தச் சண்டையில் பட்டான், அவன் பெயர் என்ன. இவ்வளவுதான். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் காத்த அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குக் கோவிவன் என்ற பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. செத்த எல்லோருக்கும் அக்காலத்தில் கல் நட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. கல் நட ஆளும் பொருளும் வேண்டும். பல கற்கள் மாடு கவர்ந்த, மாடு மீட்ட சிறு சண்டைகளைப் பற்றியவை. ஆயினும் நட்ட கல்லில் பெயர் வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே வட்டாரத்தில் பல கற்கள் பிற்காலத்தில் வேடியப்பன் என்ற சாமி ஆகிவிட்டன. எண்ணெயும் மஞ்சளும் பூசிக் கும்பிடக் கும்பிட எழுத்து மறைந்தது. சாமி நிலைத்தது, ஆள் காணாமல் போனான்.

நம் பாளையத்துப் போர்களில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். வாசுதேவநல்லூர் முற்றுகையில் பீரங்கி சுவரை உடைக்க உடைக்க, உள்ளிருந்தவர்கள் குண்டுக்கு முன்னால் வந்து நின்று பனைமரத்தையும் வைக்கோலையும் வைத்து உடைப்பை அடைத்தார்கள். எதிரியான காம்பெலே அந்தத் துணிவைக் கண்டு வியந்தான். நமக்குக் கிடைப்பது கூட்டத்தின் துணிவு மட்டுமே. தனி ஆட்களை வைத்திருப்பது வாய்மொழி. வயிறு கிழிந்தும் துணியால் கட்டிக்கொண்டு போரிட்ட வெண்ணிக்காலாடியின் கதை காலாடி மேடு என்ற இடப்பெயரில் தங்கியிருக்கிறது. தென்மலை முகாமுக்குள் புகுந்து, முளையில் மாட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட ஒண்டிவீரன் மக்கள் நாவில் வாழ்கிறான். எழுத்து விட்டதை நாக்கு காத்தது என்பது உண்மைதான். ஆனால் நாக்கு தளபதிகளையும் அதிசயங்களையுமே காக்கும். வைக்கோல் சுமந்தவனை அது காக்கவில்லை.

உலகப்போர் நினைவுச் சின்னங்களிலும் இதே குறை உண்டு. முதல் உலகப்போரில் இந்தியப் படையினர் சுமார் 74,000 பேர் இறந்தார்கள். 1931-ல் திறக்கப்பட்ட தில்லி இந்தியா கேட்டில் உள்ள பெயர்கள் 13,000-க்குச் சற்று மேல். பிரான்சின் நவ் ஷபேலில் 1927-ல் எழுப்பிய சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு. ஆனால் 1929-ல் திறந்த பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை. நம் ஊர்களில் பதித்த சலவைக்கல் பலகைகளும் அப்படித்தான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். கோவிவனுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது தற்செயல் அல்ல, பாகுபாடு என்பதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படாமலோ, நினைக்கப்படவே இல்லாமலோ போனார்கள் என்று அதன் குழு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களும் மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்களும்.

அவர்கள் வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்கள், நமக்கென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் எந்தப் போர் சரி என்று தீர்ப்புச் சொல்வது வேறு, செத்தவன் யார் என்று பதிந்துவைப்பது வேறு. செங்கத்துக் கற்களை வெட்டியவர்கள் மாடு யாருடையது என்ற வழக்கைத் தீர்த்துவிட்டுக் கல் நடவில்லை. தில்லியில் 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,942 பெயர்கள் இருந்தனவே, அது போதாதா என்பது அடுத்த கேள்வி. விடுதலைக்குப் பிந்தையவர்களுக்கு அது பெரிய மரியாதை, சந்தேகமில்லை. ஆனால் விதைப்பும் அறுப்புமாக இருக்கும் ராயகிரிக் குடும்பம் தில்லிக்கு எத்தனை முறை போகும்? 2020-ல் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா கிடைத்தது. அவருடைய ஊரான கடுக்கலூரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. இப்படி ஒவ்வொரு முறையும் ஊர் திரள்கிறது, ஃபிளெக்ஸ் தட்டி எழுகிறது. அடுத்த மழைக்குத் தட்டி கிழிகிறது.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு சாதி. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஒண்டிவீரன் நாளுக்கும் பூலித்தேவர் பிறந்தநாளுக்கும் தென்காசி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வாடிக்கையாகிவிட்டது. ஒரே பாளையத்தில் ஒரே எதிரியோடு மோதிய இருவருக்கு மாலை போடப் போலீஸ் காவல் வேண்டியிருக்கிறது. வெட்கப்பட வேண்டிய நிலைமை. இன்னொரு கல் இன்னொரு சண்டைக்கு வித்தாகாதா என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் சிலை ஒருவரை உயர்த்துகிறது, பட்டியல் எல்லோரையும் ஒரே அளவு எழுத்தில் வைக்கிறது. சாதிப் பட்டமின்றி, பதவி வரிசையின்றி, இறந்த ஆண்டு வரிசையில் வெட்டிய பெயர்களுக்கு முன் ஊர்வலம் விடுவது கடினம்.

செய்வதும் பெரிய செலவில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அண்மைக்கால விவரம் இருக்கும். காமன்வெல்த் ஆணையத்தின் பதிவுகளில் பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் உண்டு. மீதி ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது, அவர்கள் இருக்கும்வரை. ராயகிரிப் பேரூராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் இந்தப் பெயர்களைத் திரட்டி, பேருந்து நிறுத்தத்திலோ பள்ளி வாசலிலோ ஒரு கருங்கல்லில் வெட்டட்டும். கல் வெட்டுமுன் பெயர்களை ஊர் கூட்டி வாசித்துச் சரிபார்க்கட்டும்.